வேலையை விட்டு வாடகைக் கார் ஓட்டலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 39. ஒரு தனியார் நிறுவனத்தின் கிடங்கில் 12 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். சம்பளம் தவறாமல் வருகிறது. ஆனால் மூன்று ஆண்டுகளாக உயரவில்லை. என் மைத்துனர் ஒன்றரை ஆண்டாகச் செயலி மூலம் சவாரி எடுத்துக் கார் ஓட்டுகிறார். வாரக் கடைசியில் செல்பேசித் திரையைக் காட்டுவார். அதில் இருக்கும் தொகையை மாதக் கணக்காக்கினால் என் சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு வருகிறது. "எரிபொருள் போக மிச்சமெல்லாம் நமக்குத்தான், யார் முன்னாலும் கைகட்டி நிற்க வேண்டாம்" என்கிறார். சேமிப்பை முன்பணமாகக் கட்டி, ஐந்து ஆண்டுக் கடனில் புதிய கார் எடுத்து, வேலையை விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். மனைவி வேண்டாம் என்கிறார். காரணம் கேட்டால், "கணக்கு எங்கோ இடிக்கிறது" என்று மட்டும் சொல்கிறார். பிள்ளைகள் இருவரும் பள்ளியில் படிக்கிறார்கள். நான் நினைப்பது சரியா? வேலையை விடாமல் பகுதி நேரமாக ஓட்டினால் பலன் உண்டா?
– ஒரு வாசகர்

பட்டயக் கணக்காளரின் பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் மனைவியின் சந்தேகம் நியாயமானது. கணக்கில் எது விடுபட்டிருக்கிறது என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான். விடுபட்டிருப்பது கார். உங்கள் மைத்துனரின் பேச்சில் எரிபொருள் வருகிறது, உழைப்பு வருகிறது. அவர் உட்கார்ந்து ஓட்டும் கார் மட்டும் எந்த இடத்திலும் செலவாக வரவில்லை.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். வேலையை இப்போது விடாதீர்கள். கடனில் புதிய கார் இப்போது எடுக்காதீர்கள். அதற்காக இந்தத் தொழிலின் பக்கமே போக வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். வாடகைக்கு ஒரு காரை எடுத்து, உங்கள் ஓய்வு நாட்களில் 12 வாரம் ஓட்டிப் பாருங்கள். நாள் தவறாமல் கணக்கு எழுதுங்கள். அந்த நோட்டு சொல்வதைக் கேட்டு முடிவெடுக்கலாம்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாகன உரிமையாளர்களுக்கும் ஓட்டுநர்களுக்கும் கணக்குப் பார்த்துவருகிறேன். இந்தத் தொழிலில் காலூன்றியவர்களையும் பார்த்திருக்கிறேன். காரையும் சேமிப்பையும் சேர்த்து இழந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். உழைப்பில் இரு சாராரும் ஒருவருக்கொருவர் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் காலூன்றியவர்களிடம் "உங்கள் கார் ஒரு கிலோமீட்டர் ஓட என்ன செலவாகிறது?" என்று கேட்டால் உடனே பதில் வரும். மற்றவர்கள் எரிபொருள் விலையைச் சொல்வார்கள்.

அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குவோம். நாளொன்றுக்கு 200 கிலோமீட்டர், மாதம் 25 நாள் ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு 5,000 கிலோமீட்டர், ஆண்டுக்கு 60,000. ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடும் ஒரு குடும்பக் கார் ஐந்து ஆண்டில் காணும் ஓட்டத்தை உங்கள் கார் ஓராண்டில் கண்டுவிடும். டயர் தேய்வது, பிரேக் கட்டை மாற்றுவது, ஆயில் மாற்றுவது எல்லாம் ஐந்து மடங்கு வேகத்தில் வரும். இவற்றுக்காவது ரசீது உண்டு. பணம் கொடுக்கும்போது கை உணரும். ரசீதே இல்லாத செலவு ஒன்று இருக்கிறது, அதுதான் தேய்மானம். ஒவ்வொரு சவாரியிலும் காரின் விற்பனை மதிப்பில் ஒரு துளி கரைகிறது. அந்தத் துளி உங்கள் திரையில் வருமானம் என்ற பெயரில் வந்து சேர்கிறது. சொந்தச் சொத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்று, அந்தப் பணத்தைச் சம்பளம் என்று நினைத்துச் செலவு செய்துவிடுகிறோம். காரை மாற்ற வேண்டிய நாளில்தான் உண்மை தெரிகிறது.

எண்களை வைத்துப் பார்க்கலாம். உங்கள் மாதச் சம்பளத்தை 100 என்று கொள்வோம். அப்படியானால் மைத்துனரின் திரையில் தெரிவது 200. நிறுவனத்தின் கமிஷன் அதில் ஏற்கெனவே கழிக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கழித்தது என்றே வைத்துக்கொள்கிறேன். எரிபொருள் 55 போனால் 145. சர்வீஸ், டயர், பழுது 15 போனால் 130. காப்பீடு, உரிமம், வண்டி கழுவுவது, நிறுத்தக் கட்டணம், இணையம் ஆகியவற்றுக்கு 12 போனால் 118. தேய்மானம் 26 போனால் 92. கடன் வட்டி 8 போனால் 84. இந்தப் பங்குகள் நானாக எடுத்துக்கொண்டவை; உங்களுக்கு இதைவிட நல்லபடியாகவும் அமையலாம், மோசமாகவும் அமையலாம். எந்தெந்தத் தலைப்புகளில் கழிக்க வேண்டும் என்பது மட்டும் எங்கும் மாறாது.

கடன் தவணையை முழுதாகச் செலவில் சேர்க்காமல் வட்டியை மட்டும் சேர்த்திருக்கிறேனே என்று உங்களுக்குத் தோன்றலாம். தவணையின் அசல் பகுதி காரின் விலை. அதைத்தான் தேய்மானமாகப் பிரித்துக் கழித்துவிட்டோம். இரண்டையும் கழித்தால் ஒரே செலவை இரு முறை எழுதியதாகும். ஆனால் கையில் பணம் புரளும் கணக்கு வேறு. அங்கே தவணை முழுதாகத்தான் வெளியே போகும். மாதக் கடைசியில் வீட்டுக்கு வருவது இந்த 84-ஐ விடக் குறைவாகவே இருக்கக்கூடும்.

இனி நேரத்துக்கு வருவோம். உங்கள் மைத்துனர் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஓட்டுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. கடிதத்தில் நான் தேடிய முதல் எண் அதுதான். கிடங்கில் நீங்கள் வாரம் 48 மணி நேரம் இருக்கிறீர்கள், அவர் 70 மணி நேரம் செயலியைத் திறந்து வைத்திருக்கிறார் என்றால், 70 மணி நேரத்துக்கு அவருக்கு 84. 48 மணி நேரத்துக்கு உங்களுக்கு 100. ஒரு மணி நேர உழைப்புக்கு அவருக்குக் கிடைப்பது உங்கள் சம்பளத்தில் பாதியைச் சற்றே தாண்டுகிறது. திரையைப் பார்த்தால் இரண்டு மடங்கு. மணிக்கணக்கில் பார்த்தால் பாதிக்கு மேல் கொஞ்சம்.

இதை நீங்கள் அவர் முன்னால் விரித்து வாதாட வேண்டாம். அவர் உங்களை ஏமாற்றவில்லை. அவருக்கே இது தெரியாமல் இருக்கலாம். ஒரு மாலை அவருடன் உட்கார்ந்து அவருடைய கணக்கைச் சேர்ந்தே எழுதிப் பாருங்கள். உங்களுக்கு உண்மையான எண்கள் கிடைக்கும்; அவருக்கும் நன்மை.

கணக்கில் தவறுவது எளிது என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் சவாரி ஓட்டுநர்களிடம் நடந்த ஒரு கருத்துக்கணிப்பை வைத்து, வாகனச் செலவு போக மணிக்கு என்ன மிஞ்சுகிறது என்று கணக்கிட்டு வெளியிட்டார்கள். மிகச் சொற்பமான தொகை வந்தது, உலகமெங்கும் செய்தியானது. ஊபர் நிறுவனத்தின் தலைமைப் பொருளியலாளர், ஓட்டுநர்கள் கேள்வியைப் புரிந்துகொண்ட விதத்தை ஆய்வாளர்கள் தவறாக எடுத்துக்கொண்டார்கள் என்று சுட்டிக்காட்டினார். ஆய்வாளர்கள் திருத்திக் கணக்கிட்டபோது தொகை முதலில் சொன்னதைப் போல இரண்டரை மடங்காயிற்று. நம்பிக்கையூட்டும் திரையையும் நம்ப வேண்டாம், பயமுறுத்தும் செய்தியையும் நம்ப வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். உங்கள் ஓட்டத்தின் கணக்கை நீங்கள்தான் எழுத வேண்டும்.

சவாரிக்கு வெளியே போகும் நேரத்தையும் தூரத்தையும் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். பயணியை ஏற்றப் போகும் தூரத்துக்குப் பெரும்பாலும் பணம் இல்லை. இறக்கிவிட்டு ஆள் கிடைக்கும் இடத்துக்குத் திரும்பும் தூரத்துக்கும் இல்லை. நாளில் ஓடிய 200 கிலோமீட்டரில் பயணியோடு ஓடியது 120 என்றால், அந்த 120-இல் வந்த பணம்தான் 200-க்கும் செலவு பார்க்க வேண்டும். புதியவர்கள் சவாரிக் கட்டணத்தைச் சவாரித் தூரத்தால் வகுத்து மகிழ்ந்துவிடுகிறார்கள். ஓடோமீட்டர் காட்டும் மொத்தத் தூரத்தால் வகுக்க வேண்டும்.

நியூயார்க் நகரம் 2019-இல் செயலி ஓட்டுநர்களுக்குக் குறைந்தபட்ச ஊதிய விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது இந்தக் காலி நேரத்தைக் கணக்கிலேயே சேர்த்தது. ஓட்டுநர் வேலையில் இருக்கும் நேரத்தில் பயணி காரில் இருப்பது 58 சதவீதம் என்று தொடக்கத்தில் வைத்துக்கொண்டு, அதற்கு ஈடாக ஒவ்வொரு சவாரிக்கும் ஓட்டுநருக்குத் தர வேண்டிய குறைந்தபட்சத் தொகையைக் கூட்டியது. மணிக்கு 60 நிமிடத்தில் பயணியோடு ஏறத்தாழ 35 நிமிடம். மிச்சம் 25 நிமிடம் காத்திருப்பும் காலி ஓட்டமும். வேறு இடங்களில் இப்படி ஒரு விதி இல்லாவிட்டாலும் அந்த 25 நிமிடம் இருக்கத்தான் செய்கிறது. அதன் செலவை ஓட்டுநர் தன் பையிலிருந்து கொடுக்கிறார்.

சட்டங்களும் இந்தக் காத்திருப்பில்தான் பிரிந்து நிற்கின்றன. பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரி 19 அன்று ஊபர் வழக்கில் அளித்த தீர்ப்பில், ஓட்டுநர் தன் பகுதியில் செயலியைத் திறந்து சவாரி ஏற்கத் தயாராக இருக்கும் நேரமெல்லாம் வேலை நேரமே என்றது. கலிபோர்னியாவில் 2020 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 22-ஆவது முன்மொழிவு, குறைந்தபட்ச ஊதியத்தில் 120 சதவீதத்தை உறுதி செய்தது. ஆனால் சவாரியை ஏற்றதிலிருந்து முடிக்கும் வரையிலான நேரத்துக்கு மட்டும். 120 என்ற எண் பெரிதாகத் தெரிகிறது. மணிக்கு 35 நிமிடம்தான் கணக்கில் வருகிறது என்றால் அது முழு மணி நேரத்துக்கு 70 சதவீதம். நீங்கள் ஓட்டப்போகும் இடத்தில் காத்திருப்புக்கு யார் பணம் தருகிறார்கள் என்று ஒப்பந்தத்தைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் "யாரும் இல்லை" என்பதே பதிலாக இருக்கும்.

இனி கடன். உங்கள் திட்டத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைப்பது இதுதான். ஆண்டுக்கு 60,000 கிலோமீட்டர் என்றால் ஐந்து ஆண்டுக் கடன் முடியும் நாளில் உங்கள் கார் 3 லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கும். கடன் தீர்ந்த நிம்மதியும் காரின் ஆயுள் தீரும் கவலையும் ஒரே மாதத்தில் வந்து சேரும். உத்தரவாதமும் உங்களோடு வராது. "மூன்று ஆண்டு அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது" என்று எழுதியிருந்தால் உங்களுக்கு அது 20 மாதம். மின்சாரக் காரின் மின்கலத்துக்குப் பல நிறுவனங்கள் தரும் எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம்கூட 32 மாதத்தில் முடிந்துவிடும். வாடகைக்கு ஓட்டும் வண்டிக்கு உத்தரவாதத்தையே குறைத்துத் தரும் நிறுவனங்களும் உண்டு. அந்த வரியை வாங்கும் முன் கேட்டுப் படியுங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து, தவணை உங்கள் முதலாளியாகிவிடுவது. என்னிடம் கணக்குக்கு வந்த ஒருவர், நிதானமானவர், குடிப்பழக்கம்கூட இல்லாதவர், முதல் ஆறு மாதம் நன்றாகச் சம்பாதித்தார். புதிய ஓட்டுநர்களுக்குத் தரும் ஊக்கத்தொகை அந்த ஆறு மாதத்தோடு நின்றது. தவணை நிற்கவில்லை. பத்து மணி நேரம் ஓட்டியவர் பன்னிரண்டு மணி நேரம் ஓட்டத் தொடங்கினார், பிறகு பதினான்கு. டயர் மாற்றுவதை அடுத்த மாதத்துக்குத் தள்ளினார். முதுகு வலிக்கு மருத்துவரைப் பார்ப்பதையும் தள்ளினார். இரண்டாம் ஆண்டு நடுவில் காரைக் கடன் பாக்கியைவிடக் குறைந்த விலைக்கு விற்றுவிட்டு, பாக்கியை அடைக்க வேறு கடன் வாங்கினார். அவர் என் முன்னால் விரித்த தாள்களில் வருமானம் எந்த மாதமும் பூஜ்யத்துக்கு இறங்கவில்லை. ஒவ்வொரு மாதமும் பணம் வந்துகொண்டுதான் இருந்தது. அந்தத் தாள்களை நான் இன்னும் மறக்கவில்லை. உங்கள் கடிதத்தில் "ஐந்து ஆண்டுக் கடன்" என்ற சொற்களைப் படித்ததும் அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது.

காலூன்றிய இன்னொருவர் மூன்று வயதான காரை, விலையில் பெரும்பங்கைக் கையிலிருந்தே கொடுத்து வாங்கினார். புதிய காரின் மதிப்பு அதிகம் சரிவது முதல் ஆண்டுகளில்தான். அந்தச் சரிவை முந்தைய உரிமையாளர் ஏற்றுவிட்டார். அதிகாலையிலும் மாலை நெரிசலிலும் மட்டும் ஓட்டுவார். நடுப்பகலில் வீட்டுக்கு வந்து தூங்குவார். வருமானம் மெலிந்த வாரத்தில் அவரால் ஓட்டாமல் இருக்க முடிந்தது. அதுதான் அவருடைய பலம்.

பகுதி நேரம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சம்பளம் வருகிற வீட்டில் பகுதி நேர ஓட்டம் முழு நேர ஓட்டத்தைவிட மணிக்கணக்கில் நன்றாகவே அமையலாம். ஆட்கள் மிகுந்து தேடும் நேரத்தில் மட்டும் ஓட்டிவிட்டு, மெலிந்த நேரத்தில் செயலியை மூடிவிடலாம். ஆனால் காப்பீடு, உரிமம் போன்ற ஆண்டுச் செலவுகள் நீங்கள் வாரம் பத்து மணி நேரம் ஓட்டினாலும் எழுபது மணி நேரம் ஓட்டினாலும் ஒன்றுதான். அதனால் பகுதி நேரத்துக்கென்று தனியாகக் கார் வாங்குவது அரிதாகவே கட்டுபடியாகும். வேறு வேலை செய்ய உங்கள் நிறுவனம் அனுமதிக்கிறதா என்பதையும் பணி ஒப்பந்தத்தில் பார்த்துவிடுங்கள்.

உறக்கத்தைப் பற்றி நான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் வேகமும், இரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுகின்றன என்று உறக்க ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காலை ஐந்து மணிக்கு எழுந்து, கிடங்கில் வேலை பார்த்து, இரவு பத்து மணிக்கு ஒரு பயணியை ஏற்றினால் நீங்கள் அந்த நிலையில்தான் இருப்பீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் சரக்கு லாரி, பேருந்து ஓட்டுநர்கள் நான்கரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும். ஊபர் அமெரிக்காவில் 2018-இல் 12 மணி நேரம் ஓட்டியவருக்கு ஆறு மணி நேரம் செயலியை நிறுத்திவைக்கும் முறையைக் கொண்டுவந்தது. ஒரு செயலி நிறுத்தினால் இன்னொன்றைத் திறந்துகொள்பவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் அதைச் செய்யக் கூடாது. வேலை நாளில் வேலை முடிந்தபின் ஓட்டுவதாக இருந்தால் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். இரவு ஒன்பது மணிக்குக் காரை நிறுத்திவிடுங்கள். இரு பிள்ளைகளின் தகப்பன் நீங்கள். பின் இருக்கையில் இருப்பவரும் யாரோ ஒருவருக்குத் தகப்பனோ தாயோதான்.

காப்பீட்டை இரண்டு வரியில் முடித்துவிடலாம், ஆனால் இதைத் தவறவிட்டால் மற்றவை எல்லாம் வீண். சொந்த உபயோகத்துக்கான காப்பீடு வாடகை ஓட்டத்தைப் பொதுவாக ஏற்பதில்லை. விபத்து நடந்தபின் இழப்பீடு மறுக்கப்படலாம். வாடகை ஓட்டத்துக்கான காப்பீட்டிலும், செயலியைத் திறந்து காத்திருக்கும்போது, பயணியை ஏற்றப் போகும்போது, பயணி காரில் இருக்கும்போது என்று மூன்று நிலைகளிலும் பாதுகாப்பு உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். முதல் நிலையில்தான் பலருக்கு ஓட்டை இருக்கிறது.

உங்கள் சம்பளத்தை 100 என்று வைத்தேன் அல்லவா? அதுவும் முழு எண் இல்லை. சம்பளத்தோடு சேர்ந்து வரும் விடுமுறை ஊதியம், ஓய்வுக்கால நிதி, மருத்துவ உதவி இவற்றையும் கூட்டினால் 100-க்கு மேல் போகும். காய்ச்சலில் ஒரு வாரம் படுத்தால் கிடங்கு உங்களுக்குச் சம்பளம் தரக்கூடும், செயலி தராது. வருமான வரியையும் நீங்களே கணக்கிட்டுக் கட்ட வேண்டும். பயணி செலுத்திய முழுத் தொகையும் உங்கள் வரவாகக் காட்டப்பட்டு, கமிஷன் தனியாகச் செலவு என்று வரும் இடங்கள் உண்டு; அங்கே செலவுச் சான்று வைத்திராதவர் கையில் வராத பணத்துக்கும் வரி கட்ட நேர்கிறது. தூரக் குறிப்பேடும் ரசீதுகளும் இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை.

நல்ல செய்தியும் இருக்கிறது. இந்தத் தொழிலில் அனுபவத்துக்கு மதிப்பு உண்டு. அமெரிக்காவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஊபர் ஓட்டுநர்களின் தரவுகளை வைத்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, 2,500 சவாரிகளைத் தாண்டியவர்கள் 100 சவாரிகூட முடிக்காதவர்களைவிட மணிக்கு 14 சதவீதம் கூடுதலாக ஈட்டுவதைக் கண்டது. எந்த நேரத்தில் எங்கே நிற்க வேண்டும் என்பதை அவர்கள் கற்றிருந்தார்கள். ஆகவே உங்கள் முதல் சில வாரங்களின் எண்ணைப் பார்த்து மனம் தளர வேண்டாம். கடைசி நான்கு வாரங்களைக் கூர்ந்து பாருங்கள். கட்டணம் ஏறியிருக்கிறது என்று திரை சிவந்து காட்டும் இடத்தை நோக்கி ஓடாதீர்கள். எல்லோரும் அங்கேதான் ஓடுகிறார்கள். நீங்கள் போய்ச் சேர்வதற்குள் கட்டணம் இறங்கிவிடும், எரிபொருள் மட்டும் போயிருக்கும்.

யார் முன்னாலும் கைகட்டி நிற்க வேண்டாம் என்கிறாரே உங்கள் மைத்துனர், அந்த ஆசையை நான் மதிக்கிறேன். 12 ஆண்டுகள் உழைத்த இடத்தில் மூன்று ஆண்டாகச் சம்பளம் உயராமல் நிற்பது எப்படி மனத்தை அரிக்கும் என்று எனக்குத் தெரியும். எப்போது தொடங்கலாம், எப்போது முடிக்கலாம் என்பதில் இந்தத் தொழில் தரும் சுதந்திரம் உண்மையானது. விலையை வைப்பதில் சுதந்திரம் இல்லை. கமிஷன் எவ்வளவு, ஊக்கத்தொகை உண்டா இல்லையா, பயணி தரும் மதிப்பெண் குறைந்தால் என்ன ஆகும், கணக்கு முடக்கப்படுமா என்பதெல்லாம் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. ஒரு காலையில் செயலி திறக்காமல் போனால், காரணம் கேட்டுப் பதில் வரும்வரை வருமானம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இயற்றிய நெறிமுறை, கணக்கை முடக்கும் முடிவைக் கணினி மட்டும் எடுக்கக் கூடாது, மனிதர் ஒருவர் எடுக்க வேண்டும் என்கிறது. அப்படி ஒரு விதியை எழுதியே ஆக வேண்டிய அளவுக்கு இது நடந்திருக்கிறது. ஆகவே ஒன்றுக்கு மேற்பட்ட செயலிகளில் பதிவு செய்துகொள்ளுங்கள். காரில் கேமரா பொருத்தி, பயணிகளுக்குத் தெரியும்படி அதைக் குறிப்பிட்டுவையுங்கள். ஒவ்வொரு வாரத்தின் வருமான அறிக்கையையும் செல்பேசிக்கு வெளியே சேமித்துவையுங்கள்.

இனி அந்த 12 வாரத்துக்கு வருவோம். வாடகைக்கு ஓட்டத் தேவையான உரிமத்தை முதலில் எடுங்கள். காரின் வாடகையைக் கொடுத்தபின் கையில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது, நட்டமும் வரலாம். அதைப் படிப்புச் செலவாக எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து ஆண்டுக் கடனோடு ஒப்பிட்டால் மிக மலிவான படிப்பு. சாதாரண நோட்டு ஒன்று போதும். வீட்டிலிருந்து கிளம்பும் நேரமும் ஓடோமீட்டர் எண்ணும் முதலில். திரும்பி வந்த நேரமும் எண்ணும் அடுத்து. பயணியோடு ஓடிய தூரம், கமிஷன் போக வந்த தொகை, ஊக்கத்தொகை தனியாக, எரிபொருள், மற்றச் செலவு. ஊக்கத்தொகையைத் தனியாக எழுதச் சொல்வதற்குக் காரணம், அது எந்த மாதமும் நிற்கலாம்; அது இல்லாமலும் கணக்கு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நேரத்தை எழுதும்போது சவாரி நேரத்தை எழுதாதீர்கள். வாசலில் கிளம்பியதிலிருந்து வாசலுக்குத் திரும்பியது வரை எழுதுங்கள்.

முடிவில், வாங்க நினைக்கும் காரின் தேய்மானத்தையும் காப்பீட்டையும் அந்த வாடகைக்குப் பதிலாக வைத்துப் பாருங்கள். தேய்மானத்துக்கு எளிய வழி: இன்றைய விலையிலிருந்து, 2 லட்சம் கிலோமீட்டர் ஓடிய அதே வகைக் கார் இன்று என்ன விலைக்குப் போகிறதோ அதைக் கழித்து, இடையில் ஓடப்போகும் கிலோமீட்டரால் வகுத்துவிடுங்கள். ஊக்கத்தொகை இல்லாமல், எல்லாச் செலவும் போக, கடைசி நான்கு வாரங்களின் மணிக்கணக்கு வருமானம் உங்கள் இப்போதைய சம்பளத்தின் மணிக்கணக்கைத் தாண்டினால் நான் உங்களைத் தடுக்க மாட்டேன். அப்போதும் பழைய கார், விலையில் பாதிக்கு மிகாத கடன், ஆறு மாதக் குடும்பச் செலவு வங்கியில் தொடாமல் இருப்பது, இந்த மூன்றும் அமைந்த பிறகே வேலையை விடும் கடிதத்தை எழுதுங்கள். தாண்டாவிட்டால் இழப்பு 12 வார ஓய்வு நாட்கள்தான். வேலையும் சேமிப்பும் உங்களிடமே இருக்கும். சம்பளம் உயராத கிடங்கை விட்டு வேறு வேலை தேடும் வழி அப்போதும் திறந்தே இருக்கிறது. 12 ஆண்டு கிடங்கு அனுபவத்துக்கு வேறு இடத்தில் என்ன விலை என்று நீங்கள் இதுவரை கேட்டுப் பார்த்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. இந்தப் பன்னிரண்டு வாரத்திலேயே அதையும் கேட்டுப் பாருங்கள்.

நோட்டில் நீங்கள் எழுதுங்கள். வாரக் கடைசியில் கூட்டிக் கழிப்பது உங்கள் மனைவியின் கையில் இருக்கட்டும். கணக்கு இடிக்கிறது என்பதை உங்களுக்கு முன்பே கண்டவர் அவர். பன்னிரண்டாம் வாரப் பக்கத்தையும் அவர் கூட்டி முடித்ததும் எனக்கு எழுதுங்கள். காரின் விலைப் பட்டியலோடு சேர்த்து ஒருமுறை நானும் பார்க்கிறேன்.